பழைய படகுக்குப் புது டீசல் டேங்க்: அதே அளவில் செய்ய வேண்டாம்

நாகமரையிலிருந்து ஒருவர் கேட்டது இது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க விட்டிருக்கிறார். உள்ளே 15 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். பின்பக்க டெக்குக்கு அடியில் 100 லிட்டர் இரும்பு டேங்க். அதன் அடி கசிகிறது, பில்டர் அடிக்கடி அடைக்கிறது, படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் டீசல் மிதக்கிறது. ஊர் வெல்டிங் கடைக்காரர் "கழுவிக் கொண்டாங்க, ஒட்டிடலாம்" என்கிறாராம். ஒட்டலாமா, புதுசு போட வேண்டுமா, புதுசு என்றால் எந்தத் தகடு, டெக்கை வெட்டாமல் பழையதை எடுக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

நான் முன்பு கடற்கரையில் படகு எஞ்சின் வேலை பார்த்தவன், இப்போது தருமபுரியில் டீசல் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒட்டுவது பற்றி. வேண்டாம். அடியில் ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அதைச் சுற்றியுள்ள தகடும் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். வெல்டிங் ராடை வைத்ததும் ஓட்டை பெரிதாகும், அதை அடைக்கப் போனால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அதைவிடப் பெரிய விஷயம் உயிர். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. டீசல் சுலபமாகப் பற்றாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் நாட்டு டீசலுக்குத் தரவிதி கேட்கும் பற்றும் வெப்பநிலை, அதாவது அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் சூடு, குறைந்தபட்சம் 35 டிகிரிதான். நம்மூர் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வெல்டிங் சூட்டில், மடிப்பிலும் மூலையிலும் ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகி உள்ளே காற்றோடு கலந்து நிற்கும். சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அந்த மூலை சுத்தமாகாது. லாரி டேங்க் வெடித்து வெல்டர் இறந்த செய்தி அவ்வப்போது வருவது இதனால்தான். எம்-சீல் வைத்து அடைத்தால் கரைக்கு வந்து சேரும் வரை தாங்கலாம். அதற்கு மேல் அதை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள்.

சரி, புதுசுதான் என்று முடிவானால், பழையதை அளந்து அதே மாதிரி செய்யச் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. அதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: உங்களுக்கு 100 லிட்டர் எதற்கு? அது கடலுக்குப் போன படகு. விடியற்காலையில் கிளம்பி வெகுதூரம் போய் வலை விட்டுத் திரும்ப வேண்டும், காற்று எதிர்த்தால் இன்னும் கூடுதல் நேரம் ஆகும். 15 குதிரைத்திறன் எஞ்சின் முழு இழுவையில் ஓடினாலும் மணிக்குச் சுமார் மூன்றேகால் லிட்டர் குடிக்கும். 100 லிட்டர் என்றால் 30 மணி நேர ஓட்டம். நாகமரையிலிருந்து பண்ணவாடிக் கரைக்குப் போய் வருவதற்கும், நீர்ப்பரப்பில் வலை கட்டி எடுப்பதற்கும் இவ்வளவு தேவையே இல்லை. நீங்கள் எப்படியும் கேனில்தான் வாங்கி வந்து ஊற்றுகிறீர்கள். ஆக அந்த டேங்க் எப்போதும் கால்வாசிதான் நிறைந்திருக்கும், மீதி முக்கால்வாசியும் காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகட்டின் உள்பக்கம் வியர்த்து அடியில் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் தருமபுரி இரவுக் குளிர் உங்களுக்கே தெரியும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அது அடியிலேயே தங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு வகைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். பில்டரில் கறுப்பாக, வழவழவென்று, கொழகொழப்பாக வருகிறதே, அது அதுதான். அந்த அழுக்கு அமிலம் சுரக்கும், அதன் அடியில் தகடு புள்ளி புள்ளியாக அரிக்கும்.

உங்கள் பில்டர் அடைப்பையும் அடிக்கசிவையும் சேர்த்துப் பார்த்தால் டேங்க் உள்ளிருந்து செத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கழற்றியபின் அடியைப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். வெளிப்பக்கம் செதில் செதிலாகத் துரு உரிந்து, அது பலகையில் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் அரிப்பு இருந்தால், கடல் தண்ணீரும் டேங்கை வைத்த விதமும் காரணம். வெளியே பெயின்ட் ஓரளவு நன்றாக இருந்து ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால், உள்ளே தேங்கிய தண்ணீர்தான் காரணம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

அதனால் நான் சொல்வது: 40 லிட்டர் டேங்க் செய்யுங்கள். 60 செ.மீ. நீளம், 35 அகலம், 20 உயரம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 42 லிட்டர். மேலே சிறிது வெற்றிடம் விட வேண்டும். பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் டீசல், 20 டிகிரி சூடேறினால் 40 லிட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் விரியும். விளிம்பு வரை ஊற்றினால் அது காற்றுக்குழாய் வழியாக அணைக்குள் போகும். சேலத்துக்குக் குடிநீர் அந்த நீர்த்தேக்கத்திலிருந்துதான் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சின்ன டேங்கில் இன்னொரு லாபம், அது உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலும்கூட. 60 × 35 டேங்க் பெரும்பாலும் டெக்கில் இருக்கும் மூடி வழியாகவே உள்ளே இறங்கிவிடும். பழைய படகுகளில் டேங்கை வைத்துவிட்டுத்தான் டெக்கை மூடியிருப்பார்கள், அதனால்தான் 100 லிட்டர் டேங்கை வெளியே எடுக்க வழி இருக்காது. மூடியின் அளவையும் உள்ளே வங்குகளுக்கு (படகின் குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவே உள்ள இடைவெளியையும் முதலில் டேப் வைத்து அளங்கள், பிறகு ஒரு அட்டைப்பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி இறக்கிப் பாருங்கள். அட்டை போனால் தகடும் போகும். குழாய் முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த உயரத்தையும் சேர்த்துப் பெட்டி செய்யுங்கள். இதை விட்டுவிட்டு டேங்க் செய்து கொண்டுவந்து கரையில் வைத்து முழிப்பவர்கள் நிறைய.

பழையதைக் காலி செய்யும் நாளில் முதல் வேலை பேட்டரி வயரைக் கழற்றுவது. அப்புறம் கைப்பம்பால் மேலாக உள்ள டீசலைச் சுத்தமான கேனில் எடுங்கள், அதைத் தெளியவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். அடியில் கடைசியாக வரும் கலங்கலை எஞ்சினுக்குக் காட்டவே காட்டாதீர்கள். படகடியில் மிதக்கும் டீசலை வெளியே இறைத்து ஊற்றக் கூடாது. பழைய துணி, மரத்தூள் போட்டு ஒற்றி எடுத்துக் கரைக்குக் கொண்டுபோங்கள். டெக் மூடிகளைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றாட விடுங்கள். அந்த இடத்தில் அன்று பீடியும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். துருப்பிடித்த போல்ட் வரவில்லை என்றால் ஆக்ஸா பிளேடால் அறுக்கலாம்.

பழைய டேங்க் மூடி வழியாக வரவே வராது என்றால் இப்போதே டெக்கை வெட்ட வேண்டியதில்லை. காலி செய்து, கழுவி, எல்லாத் துளைகளையும் திறந்தே விட்டு, அதை அங்கேயே இருக்கவிட்டுப் புது டேங்கை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். கோடையில் அணைத் தண்ணீர் இறங்கி, பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி தலைகாட்டும் சமயத்தில் படகு எப்படியும் கரையேறத்தான் போகிறது. ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரை வைத்து அப்போது டெக்கை வெட்டி எடுத்து, திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். ஈரம் இல்லாத நாளில் ஃபைபர் ஒட்டும் நன்றாகப் பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, வெளியே எடுத்த டேங்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது அது டீசல் டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேஸ் கட்டர் வைத்துத்தான் வெட்டுவார்.

இனி எந்தத் தகடு என்பது. இங்கேதான் கடைக்குக் கடை ஒன்று சொல்வார்கள். தள்ள வேண்டியது ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. விலை குறைவு, துருப்பிடிக்காது என்று கொடுப்பார்கள். துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பிசுக்கு உண்டாகும், அது பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். ஜி.ஐ. குழாய் முனைகளும் அதே கதைதான். தண்ணீர் டேங்குக்கான பிளாஸ்டிக் டிரம்மும் வேண்டாம், டீசலில் உப்பிக்கொள்ளும், குழாய் இணைக்கும் இடத்தில் கசியும். படகுக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் டேங்க் கிடைத்தால் அது நல்ல பொருள்தான். துருவே கிடையாது. முதல் தடவை நிரப்பியபின் அது கொஞ்சம் பெருக்கும், அதனால் சுற்றிலும் இடம் விட்டுப் பொருத்த வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது. ஆனால் உங்கள் இடத்துக்குப் பொருந்தும் அளவில் கிடைப்பது சிரமம்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள் என்று கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். பார்க்கப் பளபளப்பு, விலையும் அதற்கேற்ப. பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். காசு மிச்சம் பிடிக்க மெல்லிய தகட்டில் செய்வார்கள், எஞ்சின் அதிர்வில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். காற்றுப் படாமல் ஈரம் தங்கும் இடுக்கில் எஸ்.எஸ்ஸும் அரிக்கும். அலுமினியம் எனக்குப் பிடித்தது. 5052 ரகம், 3 மில்லி தகடு, ஆர்கான் வெல்டிங். இந்த அளவுக்கு ஆறரைக் கிலோதான் வரும். ஓசூரில் இந்த வேலைக்கு ஆள் உண்டு. ஆனால் என்ன ரகம் என்றே தெரியாத தகட்டில் செய்து தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பித்தளை முனைகளை அதில் நேரடியாகத் திருகவும் கூடாது, ஈரம் பட்டால் அலுமினியம்தான் கரையும்.

உங்களுக்கு நான் சொல்வது சாதாரண எம்.எஸ். (பூச்சில்லாத இரும்பு) தகடு, 14 கேஜ், அதாவது 2 மில்லி. எடை பன்னிரண்டரைக் கிலோவைத் தாண்டும், அவ்வளவுதான். கடலில் என்றால் இதைச் சொல்ல யோசிப்பேன். நீங்கள் ஓடுவது நல்ல தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டேங்க் வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. எம்.எஸ். தகட்டை மடித்துக் கசிவில்லாமல் வெல்டு வைப்பது அவர்களுக்குக் கை வந்த வேலை. தெரியாத பொருளில் சுமாரான வெல்டிங்கைவிடத் தெரிந்த பொருளில் நல்ல வெல்டிங் மேல். உள்ளே பெயின்ட் அடிக்கக் கூடாது, உரிந்து பில்டருக்குப் போகும். வெல்டிங் பிசிறுகளைச் சுரண்டி, கழுவி, காயவைத்து டீசலால் துடைத்தால் போதும். வெளியே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே எபாக்ஸி பெயின்ட். அடிப்பக்கத்தை முதலில் அடியுங்கள், அவசரத்தில் விட்டுப்போவது அதுதான். வெறும் ரெட் ஆக்சைடு போதாது.

புது டிராக்டர் டேங்கை ஸ்பேராக வாங்கி வைத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அளவு சரியாகத்தான் வரும். ஆனால் அதன் காற்று வழி மூடியிலேயே இருக்கும். திறந்த இடத்தில் வைத்தால் சரி, டெக்குக்கு அடியில் வைத்தால் ஆவியும் சிந்தலும் படகுக்குள்ளேயே தங்கும்.

லாரிப் பட்டறைக்காரருக்குப் படகு விஷயம் தெரியாது, அதனால் சிலவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லாக் குழாய் முனைகளும் டேங்கின் மேல்தகட்டில் மட்டும் வர வேண்டும். லாரியில் அடியில் டிரெய்ன் நட்டு வைப்பது வழக்கம், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். லாரியில் அது கசிந்தால் ரோட்டில் சொட்டும், படகில் கசிந்தால் உங்கள் காலடியில் தேங்கும். அதற்குப் பதில், ஒரு மூலையைச் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி அடித்தகட்டை வளைத்து, அந்த மூலை வரை ஒரு தனிக் குழாயை மேலிருந்து இறக்கச் சொல்லுங்கள். சாதாரண நாளில் அதை மூடி வைத்திருக்கலாம். மாதம் ஒருமுறை அதில் கைப்பம்பை மாட்டி இரண்டு இழுப்பு இழுத்தால் அடியில் சேர்ந்த தண்ணீர் வெளியே வந்துவிடும். இந்த ஒரு குழாய் பழைய டேங்கில் இருந்திருந்தால் அது இன்னும் நெடுநாள் ஓடியிருக்கும்.

எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயின் முனை அதிலிருந்து தள்ளி, எதிர் ஓரத்தில் இருக்க வேண்டும். திரும்பி வருவது சூடாகவும் குமிழியோடும் வரும், பக்கத்திலேயே விழுந்தால் அதே காற்றை எஞ்சின் உறிஞ்சும். இந்தத் திரும்பும் வழியில் வால்வு போடவே கூடாது. யாராவது மறந்து மூடிவிட்டால் பம்பின் சீல் போய்விடும். எஞ்சினுக்குப் போகும் வழியில் டேங்க் வாயிலேயே ஒரு வால்வு அவசியம். உள்ளே டீசல் குலுங்காமலிருக்க நடுவில் ஒரு தடுப்புத் தகடு வையுங்கள், மூலைகளை வெட்டிவிட்டு, டீசலும் காற்றும் போய் வர வழியோடு. 60 செ.மீ. டேங்குக்கு இது கட்டாயமில்லைதான், ஆனால் ஆடிக் காற்றில் அந்த அகலமான நீர்ப்பரப்பில் அலை எப்படி எழும்பும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெல்டிங் முடிந்ததும் பட்டறையிலேயே கசிவு பாருங்கள். 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். கம்ப்ரஸரை நேராக மாட்டி அடிக்க விடாதீர்கள். 3 பி.எஸ்.ஐ. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் 60 × 35 மேல்தகட்டின்மேல் அது 400 கிலோவுக்கு மேல் தள்ளும் விசை. தப்பித்தவறி 30 போய்விட்டால் டேங்க் பலூனாகிவிடும். பிரஷர் கேஜ் இல்லாமலே செய்ய ஒரு வழி உண்டு. டேங்கில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் ஹோஸை மாட்டி, மற்ற முனைகளை அடைத்துவிட்டு, டேங்கின் மேல்தகட்டிலிருந்து 7 அடி உயரத்துக்கு ஹோஸை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். 7 அடி தண்ணீர் நின்றால் 3 பி.எஸ்.ஐ. வந்துவிட்டது. பாதுகாப்பானது, செலவில்லாதது. அரை மணி நேரம் விட்டு எல்லா வெல்டிங் ஓரத்தையும் காய்ந்த துணியால் தடவிப் பாருங்கள். முடிந்ததும் அன்றே முழுக்கக் காயவைத்து டீசல் தடவுங்கள். ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் மறுநாளே உள்ளே மஞ்சள் படர்ந்துவிடும்.

பொருத்தும்போது டேங்கை நேராகப் பலகையில் உட்கார வைக்காதீர்கள். இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். கார்ப்பெட், ஸ்பாஞ்ச், சாக்கு என்று மெத்தென்று எதையாவது கீழே வைப்பது பழக்கம். அவை எல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தகட்டோடு ஒட்டவைக்கும், கடற்கரையில் வெளிப்பக்கம் அரித்த டேங்குகள் பெரும்பாலும் இப்படிப் போனவைதான். டீசலுக்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பட்டைகள் இரண்டை டேங்கின் அடியில் பசை போட்டு, இடுக்கில் தண்ணீர் நுழையாதபடி ஒட்டி, அதன்மேல் நிற்க வையுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும், கையை விட்டுத் துடைக்க முடிய வேண்டும். மேலே இரண்டு பட்டை இரும்பு, அதன் உள்பக்கமும் ரப்பர், வங்கோடு சேர்த்து போல்ட். நிறைந்த டேங்க் 45 கிலோவுக்கு மேல் இருக்கும், அது அலையில் நகரக் கூடாது. சைலன்சர் குழாயிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

ஊற்றும் குழாய் ஒன்றரை அங்குலம், காற்றுக்குழாய் 5/8 அங்குலம். காற்றுக்குழாயை மேலே நன்றாக உயர்த்தி, கொக்கி மாதிரி கீழ்நோக்கி வளைத்து, முனையில் வலை கட்டி வெளியே விடுங்கள். உங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்க, கட்டி வைத்த படகு சேற்றில் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். காற்றுக்குழாய் தாழ்வாக அந்தப் பக்கம் இருந்தால் டீசல் தானாக வடிந்துவிடும். ஊற்றும் மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே போகும் முக்கிய வழி அது. ஹோஸ் விஷயத்தில், லெவல் பார்க்கும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வேண்டாம். டீசலும் வெயிலும் சேர்ந்து அதைக் குச்சி மாதிரி விறைக்க வைத்து வெடிக்க வைக்கும். டீசலுக்கென்று உள்ள கறுப்பு ரப்பர் ஹோஸ்தான். செம்புக் குழாயும் அதிர்வில் இறுகி ஒருநாள் விரியும், எஞ்சினோடு சேரும் கடைசிப் பகுதியிலாவது ஹோஸ் இருக்கட்டும்.

டேங்குக்கும் எஞ்சின் பில்டருக்கும் நடுவே கிண்ணம் வைத்த தண்ணீர் பிரிப்பான் ஒன்று, லாரிக்குப் போடுவதே போதும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பு அடித்துக் குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பில்டரை மாற்றுங்கள், புது டேங்க் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் பிசிறு தரும். அப்புறம் வேலை முடிந்து கரைக்கு வந்ததும் டேங்கை நிரப்பி வைத்துக் கட்டுங்கள், காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அளவுக் குச்சியை முதல் நிரப்புதலின்போதே செய்துகொள்ளுங்கள், பிறகு செய்ய முடியாது. படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருவரை உட்கார வைத்து, 5 லிட்டர் கேனால் ஊற்றி ஒவ்வொரு கேனுக்கும் குச்சியில் ஒரு வெட்டுப் போடுங்கள். கரையில் வைத்துப் போட்ட கோடு தண்ணீரில் பொருந்தாது.